எட்டுப் பெட்டி

தார்த்து நகரம், அன்னெலின்.
லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஐந்தாம் மாடியில்
மின்கட்டண ரசீதின் முதுகில்
மாரிகா தன் அறையை வரைகிறாள்.
நீளம் நாலு இருபது, அகலம் மூன்று அறுபது.
பெருக்கினால் பதினைந்து சதுர மீட்டரும் கொசுறும்.
வெட்டில் வீணாவதற்கு நூற்றுக்குப் பத்து கூட்டு.
பெட்டிக்கு இரண்டேகாலுக்குச் சற்றுக் குறைவு என்று வகுத்தால்
ஏழரையில் வந்து நிற்கிறது.
ஏழரையை யார் வீட்டுக்குள் கூப்பிடுவார்கள்?
எட்டு என்று எழுதுகிறாள்.

லாமினேட்.
மரம் இல்லை, மரத்தின் புகைப்படம்.
ஏழு பலகைக்கு ஒருமுறை
அதே கணு, அதே இடத்தில்.
இருக்கட்டும்.
அசல் ஓக்கின் விலையைக் கேட்டபோது
கடைக்காரர் முதலில்
உட்காரச் சொல்லி நாற்காலி காட்டினார்.

பெட்டிகள், இருநூற்றுப் பதினொன்று.
சுவரோரச் சட்டம் ஆறு, இருபத்தொன்பது.
வண்டிக்கூலி பதினைந்து, கீழ்வாசல் வரைக்கும்தான்.
அக்கா புருஷன் தார்வோ
சும்மாவே போட்டுத் தருகிறேன் என்றான்.
சும்மாவுக்கு பீர், ஒன்பது.
அடிவிரிப்பில் இரண்டு வகை:
மெலிசு பத்தொன்பது, தடிமன் நாற்பத்தெட்டு.

பென்சில் நின்றுவிடுகிறது.

கீழ்வீட்டில் ஹெல்துர்.
விடிகாலை மூன்று மணிக்கு
இவள் பேக்கரிக்குக் கிளம்பும்போதெல்லாம்
துடைப்பக் கட்டையால் தன் தலைக்கு மேலுள்ள தளத்தை
இடிக்கிறவர்.
பதினோரு வருஷமாகக் காலணியைக் கையில் பிடித்தபடிதான்
வாசல்வரை போகிறாள்.
அப்படியும் இடி.
மெலிசை அடித்துவிட்டுத் தடிமனை எழுதுகிறாள்,
கூடவே ஒரு வசவை
வாய்க்குள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.
பிஸ்கட் டப்பாவில் முந்நூற்றிருபது.
விரலுக்கேற்ற வீக்கம்.

பதினைந்து கிலோ ஒவ்வொன்றும்.
ஐந்து மாடி, எட்டு நடை.
இரண்டு நாள் அறைக்குள்ளேயே கிடக்கவேண்டும் என்கிறது
பெட்டிமேல் அச்சிட்ட குறிப்பு.
வெளியே மைனஸ் பதினாலு.
குளிர் இறங்கட்டும் என்று
கட்டிலோரம் அடுக்கினாள்.
இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தவள்
இரண்டு முறை இடித்துக்கொண்டாள், அதே சுண்டுவிரலை.

சனிக்கிழமை
தார்வோ பழைய லினோலியத்தை உரித்து
ரசமட்டத்தை வைத்தான்.
குமிழி கதவுப் பக்கமே ஓடியது.
"ஜன்னலோரம் பதினோரு மில்லி இறக்கம்" என்றான்
முதல் பீரைத் திறந்துகொண்டே.
சமப்படுத்தும் கலவை மூன்று மூட்டை,
ஐம்பத்திரண்டரை யூரோ.

ரசீதைத் திருப்பினாள், முகப்பில் மின்கட்டணம்.
மறுபடி திருப்பினாள்.
பீரோவுக்கு அடியில் பலகை வேண்டாம் என்றால்
ஒரு பெட்டியைத் திருப்பித் தரலாமே?
"மிதக்கிற தரை இது.
பாதியில் நிறுத்தினால் பல் இளித்துவிடும்."

பல்.
கடைவாயில் ஒன்றுக்கு உறை மாட்டவென்று
காகித உறையில் சேர்த்த பணம் இருந்தது.
மிச்ச எட்டு போக
நாற்பத்து நாலரை எடுத்தாள்.
டாக்டருக்கு போன் செய்து
மார்ச்சை மே ஆக்கினாள்.

ஞாயிறு முழுக்கக் கலவை காய்ந்தது.
திங்கள் இரவு கடைசிப் பலகை
'டக்' என்று பூட்டிக்கொண்டது.
சுவரைத் தொடாமல் சுற்றிலும் சிறு சந்து விட்டு
அதைச் சட்டத்தால் மூடினார்கள்.
மூன்று பலகை மிச்சம்.
கதவடிப் பட்டையை மட்டும்
கணக்கெழுதும்போது ஒருவரும் நினைக்கவில்லை.
அங்கே பலகையின் வெட்டுவாய் பழுப்பாகத் தெரிகிறது,
அரைத்து அழுத்திய மரத்தூள்.
இது மட்டும்தான் அசல்.

வெள்ளிக்கிழமை யாரோ கதவைத் தட்டினார்கள்.
ஹெல்துர், கம்பளிச் செருப்பில், மூச்சிரைக்க.
"நாலு நாளாகச் சத்தமே இல்லை.
உனக்கு உடம்புக்கு ஏதாவது..."
பேசிக்கொண்டிருக்கும்போதே கண் கீழே போனது.
முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து
விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"ஓக்கா?"

"புகைப்படம்" என்றாள் மாரிகா,
வலக்கன்னத்தை உள்ளங்கையால் தாங்கியபடி.